ஐஸ் வைத்து வளர்த்த பைன்

தரை துடைக்க வாங்கிய பாட்டிலில் பைன் மணம் என்று போட்டிருந்தது. திறந்து முகர்ந்தேன், என்னவோ குறைந்தது.

இன்று கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கும் வங்காளத்துக் கிடர்பூர் மூலையில்தான் எங்கள் துறைமுகக் குவார்ட்டர்ஸ் இருந்தது. கப்பல் சங்கு ஊதினால் சமையலறைத் தட்டுகள் அதிரும் அந்த வீட்டுக்கு, டார்ஜிலிங் போய்வந்த அப்பா ஒரு ஸ்காட்ஸ் பைன் கன்றைக் கொண்டுவந்தார். ஒட்டு மண்கூட இல்லாமல், வெறும் வேரோடு, ஈரச் சாக்கில் சுற்றி. அம்மா வேரை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கொல்லையில் நட்டாள்; வெயில் ஏறியதும் தினமும் அதைச் சுற்றி ஐஸ்கட்டிகளை அடுக்குவாள். மரத்துக்கு ஐஸா என்று மதில்மேல் சாய்ந்து சிரிப்பார் பக்கத்து வீட்டு வங்காளிக் காகிமா.

"இதுவும் நம்மள மாதிரி டிரான்ஸ்ஃபர்ல வந்த பிள்ளதான? பழகுத வரைக்கும் தாங்கத்தான் செய்யணும்" என்பாள் அம்மா எங்களிடம்.

கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடி போனபோது, கன்று கருகிவிடும் என்று ரயிலில் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால், நுனியில் விரல் நீளத்துக்குப் புதுத் துளிர்! சுற்றிலும் ஐஸ்கட்டிகள். "பௌதி, உன் பெண் பத்திரம்" என்று அம்மாவை அண்ணி முறை வைத்து வங்க மொழியில் சொல்லிச் சிரித்தார் காகிமா. அவர் ஃப்ரீசரில் இலிஷ் மீனை ஓரந்தள்ளிவிட்டு ஐஸ் தட்டுகள் உட்கார்ந்திருந்தன.

பாட்டிலை மறுபடி முகர்ந்தேன். குறைந்தது அந்த ஐஸின் மீன் வாடைதான்.