ஆறிய தேத்தண்ணியும் ஏறிய முள்ளும்

1958இல் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு நிறம் பார்க்கும் மெசின் வந்தது. கண்ணாடிக் குழாயில் தேத்தண்ணி ஊற்றி ஒளியைப் பாய்ச்சினால், எவ்வளவு ஒளி மறைகிறதோ அவ்வளவு சாயம் என்று முள் காட்டும். கொழும்புக்குப் போகும் தேயிலையை இனி சுவைத்துத் தரம் பார்க்கும் டீமேக்கரின் நாக்கு அல்ல, தன் முள்தான் தேர்ந்தெடுக்கும் என்று அதை இயக்கிய பூபாலன், தோட்டத்தை நடத்தும் துரையிடம் சவால் விட்டிருந்தார்.

முதல் நாள் டீமேக்கர் ஊற்றி வைத்த நான்கு குழாய்களில் மூன்றை அளந்துவிட்டு, அவர் ரொட்டி சாப்பிடப் போனார். குளிரில் திரும்பி வந்து நான்காவதை அளந்தால் முள் எகிறியது. "இலங்கையிலேயே கெட்டியான தேயிலை" என்று துரைக்கு எழுதியும் அனுப்பிவிட்டார்.

டீமேக்கர் சங்கரலிங்கம் குழாயைத் தூக்கிப் பார்த்தார். "ஏன் தம்பி, ஒங்களச் சோதிக்க மொத தேயிலையவே நாலாவதாவும் வச்சேனுங்க. ஆறிப்போயி பால் ஊத்துன மாதிரி கலங்கியிருக்கு. சுட வச்சுப் பாருங்க."

சுட வைத்ததும் கலங்கல் தெளிந்தது. முள் முதல் குழாயின் இடத்துக்கே இறங்கியது. சாயம் விழுங்கிய ஒளியும் கலங்கல் சிதறடித்த ஒளியும் மெசினுக்கு ஒன்றுதான். பூபாலனுக்கும் அதுவரை ஒன்றுதான்.

அவர் துரையின் பங்களாவுக்கு ஓடி உண்மையைச் சொன்னார்.

"அப்ப யாரு தேர்ந்தெடுக்கிறது?" என்றார் துரை.

"டீமேக்கர்தானுங்க தொர. நான் சுட வச்சுக் குடுக்கிறேன்."