நிலாவில் ஏசி எப்படி ஓடியது என்று கேட்டவர்

1. கேள்வி கேட்கும் நோயாளி

இருபத்தாறு வருடமாகக் காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராக இருக்கிறேன். தாம்பரம், செம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம்தான் என் ஏரியா. நோயாளிகளுக்கு மாத்திரை கொடுப்பது, கார்டில் டிக் போடுவது, வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள் என்னிடம் ஜெயித்த கேஸ்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இது நான் கெடுத்த கேஸ்.

குமரேசனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஏசி மெக்கானிக். நாவலூர் அடுக்குமாடிகளில் பதினான்காவது மாடி சுவரில் தொங்கிக்கொண்டு அவுட்டோர் யூனிட் மாட்டுகிற ஆள். மனைவி மலர் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தார்.

முதல் நாளே அவர் கேட்டார்: "இன்னா மேடம், ஒரு வியாதிக்கு எதுக்கு நாலு மருந்து? ஒண்ணு வேலை செய்யாதா?"

சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போவுது. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? பயந்துட்டேன்."

நான்தான் சொல்ல மறந்திருந்தேன். மருந்தின் நிறம்தான் அது, பயப்பட வேண்டாம் என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார். வாரம் தவறாமல் வந்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது. வரும்போதெல்லாம் ஒரு கேள்வி இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

2. சிரித்த நாள்

நம் நாட்டு விண்கலம் நிலாவில் இறங்கிய மறுநாள் அது. காத்திருப்புக் கூடத்து டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் முகக்கவசத்தோடு உட்கார்ந்து கைதட்டினார்கள். குமரேசனும் தட்டினார்.

பிறகு என் மேஜைக்கு வந்து, "மெஷின் போவும் மேடம், அத்த நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தக் காலத்துலயே மனுசன் போயி நடந்தான்றாங்களே, அதான் இடிக்குது" என்றார்.

"ஏன், உங்களுக்கும் வாட்ஸப்ல வீடியோ வந்துதா?" என்று கேட்டார் லேப் டெக்னீஷியன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வீடியோ இல்ல சார். நான் ஏசிக்காரன். வூட்டுக்குள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளியில காத்துல விடறதுதான் என் வேலை. நிலாவுல காத்தே கிடையாது. வெயிலோ கொளுத்துது. அங்க நடந்தவன் டிரெஸ்ஸுக்குள்ள இருக்கற உடம்பு சூட்டை எங்க கொண்டுபோய் விட்டான்?"

அது நல்ல கேள்வி என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன். "அண்ணா, அதெல்லாம் பெரிய பெரிய விஞ்ஞானிங்க செஞ்சது. உங்களுக்கும் எனக்கும் எங்க புரியப்போவுது? மாத்திரையை வாங்கிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

கூடமே சிரித்தது. அவர் மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

3. ஏழு வாரம்

அடுத்த வாரம் வரவில்லை. போன் செய்தேன். "வேலை இருக்குது, வர்றேன்" என்றார். அதற்கடுத்த வாரமும் அதே பதில். நான்காவது வாரம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

கடைசியாகக் கொடுத்த அட்டை அலமாரி மேல் அப்படியே இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

"ஏண்ணா?"

அவர் கோபப்படவில்லை. "உனக்குப் புரியாதுன்னு சொல்லிட்டீங்க மேடம். புரியாததை நான் எதுக்கு முழுங்கணும்? நிலாவுக்குப் போனதும் பெரியவங்க சொன்னதுதான். மருந்தும் பெரியவங்க சொன்னதுதான். எனக்கு இப்ப இருமலே இல்லை. நான் பார்க்கறதை நம்பறதா, நீங்க சொல்றதை நம்பறதா?"

பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். மலரும் அழுதுபார்த்தார். டாக்டர் போனில் பேசினார். சக ஊழியர் ஒருவர் இரண்டு முறை போய்வந்தார். பிடிவாதக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கார்டில் அப்படித்தான் எழுதினேன்: 'மறுக்கிறார்'.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றிருந்தபோது அவர் கேள்வி ஞாபகம் வந்தது. எங்கள் சபையில் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஒரு மேடம் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இதைக் கேட்டது யாரு? சரியான இடத்துல கை வச்சிருக்காரே!" என்று காரில் சாய்ந்து நின்றபடி அரை மணி நேரம் விளக்கினார். எனக்குப் புரியும்வரை விடவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குமரேசன் வீட்டுக்குப் போனேன். மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணா, அன்னிக்கு எனக்கு பதில் தெரியாது. அதை மறைக்கத்தான் உங்களுக்குப் புரியாதுன்னு சொன்னேன். தப்பு. இப்ப கேட்டுட்டு வந்திருக்கேன்" என்றேன். "அந்த டிரெஸ்ல தண்ணி வச்சிருந்தாங்களாம். பொடிப்பொடி துவாரம் இருக்கற ஒரு உலோகத் தகடு வழியா அது வெளியே கசியும். வெளியே காத்து இல்லாததால உடனே ஐஸா உறைஞ்சு, அந்த ஐஸ் அப்படியே ஆவியாப் போகும். போகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேக்குவம்" என்றார். "கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி பைப்ல நாங்க வேக்குவம் போடுவோம் மேடம், உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்துடுவோம். உள்ள ஈரம் இருந்தா பச்சத்தண்ணியே கொதிச்சு ஆவியாப் பூடும். பைப்பு ஜில்லுன்னு ஆயிடும். இது நான் தினம் பண்ற வேலை. எனக்கே தோணலை பாருங்க."

முகம் மாறியிருந்தது. "போயிருக்க முடியும்னு இப்ப ஒத்துக்கறேன். போனாங்களான்றது வேற. அத்த இன்னும் யோசிக்கணும்" என்றார்.

"யோசிங்க" என்றேன்.

அப்புறம் அவராகவே கேட்டார். "இருமல் நின்னப்புறமும் எதுக்கு ஆறு மாசம் மருந்து?"

4. ரிப்போர்ட்

அன்றே மருந்தை மறுபடி ஆரம்பித்தோம். அதற்கு முன் சளி பரிசோதனைக்குக் கொடுத்தார். ஆரம்பத்தில் எடுத்த பரிசோதனையில் மருந்து கேட்கும் என்று வந்திருந்தது. இப்போது முக்கியமான மருந்து கேட்காது என்று வந்தது.

அந்த ரிப்போர்ட்டை நான் நம்பவில்லை. வேறு யாருடைய சளியோ மாறிப்போயிருக்கும் என்று லேபில் சண்டை போட்டேன். மறுபடி எடுக்கச் சொன்னேன். அதுவும் அப்படியேதான் வந்தது.

நீண்ட சிகிச்சைக்கு மாற்றினார்கள். வாந்தி, கால் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வந்தது. ஒரு வேளை மாத்திரைகூட அவர் தவறவிடவில்லை. நோய் குணமானது. ஆனால் வலது நுரையீரல் பாதி போய்விட்டது. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. யூனிட் தூக்குவதை விட்டுவிட்டார். இப்போது போனில் வேறு மெக்கானிக்குகளுக்குக் கோளாறு கண்டுபிடித்துச் சொல்கிறார்.

அவர் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சிகிச்சை முடிந்த அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது மலர்தான் வாசல் வரை வந்தார்.

"அக்கா, நிலாவுல விண்கலம் இறங்குன மறுநாள் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து அவர் சாப்பிடவே இல்லை. என்னாச்சுன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, இனிமே கேள்வி கேக்கறதா இல்லைன்னார்."

என்னால் மலர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேள்வி கேட்கிற நோயாளி நம்மை விட்டுப் போகமாட்டார். கேட்பதை நிறுத்திய நாளே அவர் போய்விடுகிறார். நம் கார்டுக்கு அது தெரியவர ஒரு மாதம் ஆகும்.