மூச்சுக்கு எந்தத் தண்ணீர்? சிபாப் மெஷினோடு தூத்துக்குடியும் காயல்பட்டினமும்

இரண்டு வருஷமாக நாங்கள் வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. காரணம், என் வீட்டுக்காரரின் தலைமாட்டில் இருக்கும் சிபாப் மெஷின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி அவருக்கு. மெஷின் குழாய் வழியாக முகமூடிக்குள் காற்றை அழுத்திக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மூச்சுப் பாதை அடைக்காது. அந்தக் காற்று மூக்கைக் காய வைக்காமலிருக்க, மெஷினில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி உண்டு. அடியில் தட்டு சூடாகும், ஆவி காற்றோடு சேர்ந்து போகும். அந்தத் தொட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடலும் உண்டு, பொறுங்கள்.

மெஷின் வாங்கிய புதிதில் குற்றாலம் போனோம். தண்ணீர் ஊற்றாமலேயே ஓட்டினார். நடுத்தூக்கத்தில் மூக்கு காய்ந்து, ரத்தம் கசிந்து, முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். அப்புறம் பழைய கதை. மூச்சு நிற்கும், நான் எண்ணுவேன், திடுக்கென்று இழுப்பார். காலையில் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னால உனக்கும் தூக்கம் கெட்டுச்சு. இனி நான் எங்கயும் வரலை" என்று சொன்னவர்தான். நானும் கெஞ்சாத நாளில்லை.

இந்தப் பங்குனியில் இவர் மனசு இளகியது. துபாயில் பதினோரு வருஷம் இவரோடு ஒரே அறையில் இருந்த முகைதீன் பாய் காயல்பட்டினத்திலிருந்து போன் போட்டு, "மச்சான், மெஷின் ஒண்ணும் மலை இல்ல. தூக்கிட்டு வா" என்று அதட்டினார். இவர் எனக்கு ஒரு நிபந்தனை போட்டார்: மூன்று நாள். ஒழுங்காகத் தூங்கினால் இனிமேல் ஊர் சுற்றலாம். இல்லையென்றால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. முத்துநகரில் ஒரு முத்தும் வாங்கித் தருவதாக ஆசை காட்டினார்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி நூற்று நாற்பது கிலோமீட்டர், நாலுவழிச் சாலை. டீ குடிக்க நின்றதையும் சேர்த்து மூன்று மணி நேரம். சாயங்காலம் துறைமுகப் பக்கம் போனோம். நான் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது முதலில் அது கப்பல் என்றே தோன்றவில்லை, ஏதோ கட்டடம் என்று நினைத்தேன். எங்கள் தெருவையே தூக்கி உள்ளே வைக்கலாம். அந்தக் கட்டடம் மெல்ல நகர்ந்தது பாருங்கள், அம்மாடி, எனக்கு வாயடைத்துப் போயிற்று.

வாய் திறந்தது லாட்ஜுக்கு வந்த பிறகுதான். மெஷின், முகமூடி, குழாய், எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் வந்திருந்தன. டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் மட்டும் மதுரையில் சமையலறை மேடையிலேயே நின்றுவிட்டது. சுற்றிலும் கடல், தொட்டிக்கு அரை சொம்புத் தண்ணீர் இல்லை! "எல்லாம் தண்ணிதானே" என்று இவர் லாட்ஜ் குழாயைத் திறந்து பிடித்து ஊற்றினார். எனக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. பாட்டிலை மறந்தவள் நானல்லவா.

காலையில் தொட்டியைக் கழற்றினால் அடித்தட்டு முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. "காத்துல ஏதோ கிணத்து வாடை அடிச்சுச்சு. சரியாவே தூங்கலை" என்றார் இவர். மூன்றில் ஒன்று போயிற்று.

உடனே கடை வேட்டை. முதல் மருந்துக்கடையில் ஊசிக்குக் கலக்கும் தண்ணீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் காட்டினார்கள். சுத்தமானதுதான், ஆனால் ஒரு தொட்டி நிறைய முப்பது குப்பியை உடைக்க வேண்டும். இரண்டாவது கடையில் சலைன் பாட்டிலை நீட்டினார்கள். சலைன் என்றால் உப்புத் தண்ணீர் ஐயா! அதைத் தவறிக்கூட ஊற்றிவிடாதீர்கள். மூன்றாவதாக பேட்டரிக் கடை. அங்கே ஐந்து லிட்டர் கேன்களில் டிஸ்டில்டு வாட்டர் என்றே அச்சடித்து அடுக்கியிருந்தது.

கடைக்கார அண்ணாச்சி கேனைத் தூக்கி வைத்துவிட்டு, "எந்த பேட்டரிக்கு அக்கா? இன்வெர்ட்டரா, காரா?" என்றார்.

"என் வீட்டுக்காரருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி இவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் மெஷினைப் பற்றி விளக்கினேன். கேனை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். "மூச்சுக்குன்னா நான் தர மாட்டேன் பாத்துக்கிடுங்க. பேட்டரிக்குன்னுதான் எனக்குக் குடுக்கான். அதுல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. சர்ஜிகல் கடை ஒண்ணு இருக்கு, அங்கன கேளுங்க." வந்த வியாபாரத்தை வேண்டாமென்று சொல்லும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

சர்ஜிகல் கடையில் கிடைத்தது. சீல் வைத்த ஒரு லிட்டர் பாட்டில், எண்பது ரூபாய். இரண்டு வாங்கினேன். "முத்துக்குப் பதிலா இது" என்று இவர் சிரித்தார். கணக்கில் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

காயல்பட்டினம் அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர், திருச்செந்தூர் சாலை. முள்ளக்காடு பக்கம் வந்ததும் நான் காரை நிறுத்தச் சொன்னேன். இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வெயில் கண்ணைக் குத்தியது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா முகத்துணியை இறக்கி, "உப்பு வாங்க வந்தியளா?" என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தோம் என்றதும், "இதுல பாக்கதுக்கு என்ன இருக்கு, இந்த வேக்காட்டுல!" என்று சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

எனக்குப் பார்க்க எல்லாம் இருந்தது. காலையில் நகத்தால் சுரண்டினேனே, அதே வெள்ளை! வெயில் கடலிலிருந்து தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உப்பில் ஒரு துளியைக்கூட மேலே கொண்டுபோவதில்லை, எல்லாவற்றையும் தரையில் விட்டுவிடுகிறது. இவருடைய தொட்டியும் அதைத்தான் செய்திருக்கிறது. கீழே சூடு, மேலே ஆவி, மிச்சமெல்லாம் தட்டில். இரண்டு வருஷமாகத் தினமும் கழுவுகிற எனக்கு இது உறைக்கவே இல்லை. இத்தனை கடலையும் வடிகட்டி மழையாக நம் தலையில் ஊற்றுகிற வேலை, சத்தமே இல்லாமல் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. மெய் சிலிர்த்துப்போய் நின்றேன். "ஏய், வெயிலு" என்று இவர் கூப்பிட்ட பிறகுதான் காருக்குத் திரும்பினேன்.

காயல்பட்டினத்தில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆகவே முகைதீன் பாய் இருப்பது அவர் மாமியார் வீட்டில். ஆண்களுக்கு முன்கூடம், பெண்களுக்குப் பின்கட்டு. பெண்கள் போய்வர வீடுகளுக்கு நடுவே தனிச் சந்துகூட உண்டு. இவரை முன்கூடத்தில் விட்டுவிட்டு நான் பின்கட்டுக்குள் போனேன். பாயின் மாமியார் மைமூன் மாமி, எழுபதைத் தாண்டியவர், என் கையைப் பிடித்தவர் சாப்பாடு வரை விடவில்லை. நெய்ச்சோறும் கறியும் கத்திரிக்காய் மாங்காயும். பெரிய தாம்பாளத்தைச் சகன் என்கிறார்கள், சுற்றி உட்கார்ந்து ஒரே சகனில் சாப்பிட்டோம். நான் போதும் போதும் என்னும்போதெல்லாம் மாமி கறியை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்பே மாமி துருவித் துருவிக் கேட்டதில், குற்றாலத்துக் கதையையும் மூன்று நாள் நிபந்தனையையும் சொல்லிவிட்டேன். வெள்ளை படிந்த தொட்டியை வினிகரில் ஊறப்போட்டு, கழுவி, அடுக்களை மேடையில் துணி விரித்துக் கவிழ்த்து வைத்தேன். "நல்ல தண்ணியாப் பாத்து ஊத்தணும் மாமி" என்று நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

அந்த ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவே தூங்கும். இவரும் படுக்கத் தயாரானார். காரிலிருந்து பாட்டிலை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால் தொட்டி நிமிர்ந்து நின்றது. கோடு வரைக்கும் தண்ணீர். பக்கத்தில் மாமி, கையில் ஒரு கண்ணாடிக் குப்பி.

"பிஸ்மி சொல்லி ஊத்திட்டேம்மா. ஜம்ஜம் தண்ணி" என்றார்.

மக்காவிலிருந்து ஹாஜிகள் சுமந்து வரும் புனித நீர். எழுந்து நின்று, துவா செய்து வேண்டிக்கொண்டு, ஒரு மடக்கு குடிக்கிற தண்ணீர். அதை இவருடைய தொட்டியில் ஊற்றிவிட்டார்! ஊற்று நீர் என்றால் தாது இருக்கும், தட்டில் படியும், சீல் இல்லாத தண்ணீரை ஊற்றக் கூடாது என்று காலையிலிருந்து ஊரெல்லாம் பேசிவிட்டு வந்தவள், இங்கே எதைச் சொல்வது? கையிலிருந்த பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தேன்.

"ஏன் மாமி, இவ்வளவு உசந்த தண்ணியப் போயி..."

"நீதானே நல்ல தண்ணி வேணும்னு சொன்னே? குடிக்கிற தண்ணி வயித்துக்குப் போவுது. இது நெஞ்சுக்குள்ள போவுது. என் வீட்டுல இதவிட நல்ல தண்ணி ஏது?"

அதற்குள் முகைதீன் பாயின் மனைவி வந்து குப்பியைப் பார்த்தார். முகம் மாறியது. "உம்மா, அது நீங்க வச்சிருந்ததில்லையா?" என்றார். பிறகு என்னைத் தனியே இழுத்து, அடங்கிய குரலில் சொன்னார். அவருடைய வாப்பா, அதாவது மாமியின் வீட்டுக்காரர், உயிர் பிரியும் நேரத்தில், மாமி இந்தக் குப்பியிலிருந்துதான் கரண்டியால் அவர் உதட்டில் விட்டாராம். மிச்சத்தைத் தன் கடைசி நேரத்துக்கென்று அலமாரியில் வைத்திருந்தாராம். காய்ச்சலுக்குக் கேட்டால்கூடத் தரமாட்டாராம்.

என் கண் நிறைந்துவிட்டது. மாமி கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குன்னு வச்சதை இப்படிப் பண்ணிட்டீங்களே மாமி" என்றேன்.

மாமி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் கொஞ்சம் மின்னியது. "எனக்கு ரெண்டு சொட்டு போதும்மா. அவரு இனிமேத்தானே மூச்சு விடணும்."

முன்கூடத்தில் இவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் தொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இதைக் கொட்டிட்டு நான் எங்க போயித் தூங்க?" என்றார். எனக்கு உப்பளம் ஞாபகத்துக்கு வந்தது. படிவதெல்லாம் தட்டோடு நின்றுவிடும். அவர் நெஞ்சுக்குள் போகப்போவது தண்ணீர் மட்டும்தான். மாட்டுங்கள் என்றேன்.

இவர் தூங்கினார். நான் பின்கட்டுக்குப் போகும் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குறட்டை இல்லை, திடுக்கிடல் இல்லை. கடற்கரையில் அலை வந்து போகிறமாதிரி ஒரே சீராக மூச்சு. இந்த மனுஷருக்கு இப்படி ஒரு மூச்சு இருக்கிறதா என்று நானே அதிசயித்தேன். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் எழுந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமி, நான் நல்லாத் தூங்கினேன்" என்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. தொட்டியில் மிஞ்சியதைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. மாமி சொன்னபடி முற்றத்து மாதுளைக்கு ஊற்றினேன். மற்ற இரவுகளுக்கு சர்ஜிகல் கடைப் பாட்டில்தான். அவையும் நன்றாகவே போயின.

நீங்கள் இந்த மெஷினோடு கிளம்புகிறீர்களா? நான் ஒரு மதியம் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். சீல் உடைக்காத டிஸ்டில்டு வாட்டரை ஊரிலேயே வாங்கி, மெஷின் பைக்குள்ளேயே வையுங்கள், சமையலறை மேடையில் வைக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வேறு வழியே இல்லாத ஓர் இரவுக்கு சீல் வைத்த குடிநீர் பாட்டிலைப் பயன்படுத்தலாம் என்றார் எங்கள் டாக்டர், மறுநாளே தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டுங்கள். காரில் ஏறுமுன் தொட்டியைக் காலி செய்யாவிட்டால் தண்ணீர் மெஷினுக்குள் போய்விடும்.

ஊர் திரும்பியதும், உம்ராவுக்காக மக்கா போகவிருந்த முகைதீன் பாயின் தம்பியிடம் சொல்லி மாமிக்கு ஜம்ஜம் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார் இவர். போன வாரம் மாமியே போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தண்ணி வந்து சேந்துடுச்சும்மா. எனக்கு ஒரு குப்பி எடுத்து வச்சுட்டேன். மிச்சமெல்லாம் அவரு மெஷினுக்கு. எப்ப வாரீங்க?"

நான் இவரைப் பார்த்தேன். அலமாரி மேலிருந்து மெஷின் பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.