வாய் மூடிக்கொண்ட புழுக்கள்

என் மகள் சாப்பிடுவதை நிறுத்தியது ஒரு மாசி மாதத்தில். அப்போது அவளுக்கு நான்கு வயது. சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அழ மாட்டாள், அடம்பிடிக்க மாட்டாள். அழுதாலாவது அந்த வாய் திறக்குமே என்று எனக்கு ஆத்திரமாக வரும். கொஞ்சம் பால், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் உள்ளே போயிற்று. குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டுப்படும். சோப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். பிள்ளை கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். முத்துப்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு அவளை அறுவடைச் சமயத்தில் அனுப்பியிருந்தேன். கூலி வேலை செய்து, பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைத்தவர் அப்பா. நிலத்துக்காரர்கள் அதை இறால் பண்ணைக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார்கள். பக்கத்து வயல்களில் ஏற்கனவே உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. அப்பா மட்டும் காலி செய்ய மாட்டேன் என்று நின்றார். தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஊரில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பம் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள், "நாங்க இருக்கோம், தைரியமா இருங்க" என்றார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் போர் பற்றி எரிந்தது. யார் வைத்த தீ என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லோருக்கும் தெரியும்.

போருக்குப் பக்கத்தில் என் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பா பாய்ந்து போய் அவளை அள்ளித் தோளோடு அமுக்கிக்கொண்டு புகைக்குள்ளிருந்து வெளியே வந்தார். அவளுக்கு ஒரு முடிகூடக் கருகவில்லை. மறுநாள் நான் போய் அவளை நாங்கள் குடியிருந்த மன்னார்குடிக்குக் கூட்டிவந்தேன். வந்ததிலிருந்து அந்த வாய் திறக்கவில்லை.

நான் அப்போது தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். என் கணவருக்குக் கும்பகோணத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். மண்ணில் இருக்கும் உருளைப்புழுவை வளர்க்கிற வேலை. நூல் பிசிறு அளவுகூட இருக்காது. கண்ணாடித் தட்டில் கூழ்போல உறைந்த கடற்பாசிச் சாற்றின் மேல் பாக்டீரியாவைத் தடவி வைத்தால், அதைத் தின்று வளரும். "புழுவுக்குச் சோறு போடவா இம்புட்டுப் படிப்பு?" என்று அத்தை கேட்பார். அத்தை, அப்பாவின் தங்கை. அம்மா போனபிறகு அப்பாவுக்குச் சமைத்துப் போடுபவர் அவர்தான். அவர் கேட்டதில் தப்பில்லை, நான் செய்தது அதுதான்.

அந்தப் புழுவுக்குக் கண் கிடையாது. தலை நுனியில் இருக்கும் சில நரம்புகள்தான் அதற்கு மூக்கு. இரை எந்தப் பக்கம், ஆபத்து எந்தப் பக்கம் என்று அந்த மூக்குதான் சொல்லும். ஒரு வாசனையோடு சேர்ந்து ஒருதரம் உடம்புக்கு வந்துவிட்டால், பிறகு அந்த வாசனை இருக்கும் பக்கம் அது தலைவைத்துப் படுக்காது என்பதெல்லாம் பிற்பாடு தெரியவந்தது. ஆனால் அப்போதே தெரிந்திருந்த ஒன்று உண்டு. குஞ்சுப் புழு வளரலாமா, நிற்கலாமா என்பதையும் மூக்குதான் முடிவு செய்கிறது. புழுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் அவற்றின் உடம்பிலிருந்து ஒரு வாடை ஏறும். அந்த வாடை மிகுந்து இரையின் வாசனை குறைந்தால் குஞ்சு வேறு பாதையில் திரும்பிவிடும். உடம்பு மெலியும், தோல் தடிக்கும், வாய் அடைத்துக்கொள்ளும். தின்னாது, வளராது, சாகவும் செய்யாது. மாதக்கணக்கில் அப்படியே காத்துக் கிடக்கும்.

முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது என்ன சாமர்த்தியம் என்று வியந்திருக்கிறேன். அந்த மாசியில் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டாக்டர், "எல்லாம் நார்மலா இருக்கும்மா, பசிச்சா தானா சாப்பிடும்" என்று டானிக் எழுதிக்கொடுத்தார். டானிக்கையும் அவள் குடிக்கவில்லை. அப்பாவும் அத்தையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். கஷ்டம் வந்த வீட்டைத் தனியாக விடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை வரும்போதே காய்ந்த மிளகாயும் கல் உப்பும் முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். எங்கள் தெரு மண்ணில் ஒரு பிடி அள்ளி அதோடு சேர்ப்பார். பிள்ளையைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, மூன்று தரம் சுற்றி, கரி நெருப்பில் போடுவார். மிளகாய் படபடவென்று வெடித்து வீடெல்லாம் புகை சூழும்.

"நெடியே ஏறல பாரு. அம்புட்டும் கண்ணு" என்பார் அத்தை. எனக்கு நெடி ஏறித் தும்மல் வரும். நான் அடக்கிக்கொள்வேன்.

மாடி வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்காரம்மா. அவர் கணவர் சவூதியில் இருந்தார். "பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டு வாங்கம்மா, ஓதி ஊதுவாங்க. பயந்த புள்ளைக்கு நல்லது" என்று அவரே கூட வந்தார். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் அவள் முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள். நான் விலங்கியல் படித்தவள். எதையும் நம்பவில்லை, எதையும் விட்டுவைக்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலை, வாய் அடைத்த குஞ்சுகளை எடுத்துப் புதுத் தட்டில் விடுகிற வேலை எனக்கு வந்தது. நெரிசல் வாடை இல்லாத தட்டு, நிறைய இரை. மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சின் தொண்டை மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. தின்ன ஆரம்பித்துவிட்டது. யாரும் அதற்கு ஊட்டிவிடவில்லை, மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. பழைய வாடை போனது, வாய் திறந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே அழுதேன். பாவி, நெருப்பைக் கண்டு பயந்த பிள்ளைக்கு நெருப்பை மூட்டி அல்லவா வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போனேன். "அக்கா, கொஞ்ச நாளைக்குப் பாப்பா பகல்ல உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று காரணத்தையும் சொன்னேன்.

"நல்ல கதைம்மா. புள்ள என்ன புழுவா, தட்டு மாத்தி வைக்க?" என்றார். ஆனால் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பினேன்: எங்கள் தெருவில் அம்மை போட்டிருக்கிறது, யாரும் வர வேண்டாம். அம்மை என்றால் அத்தை வாசல் மிதிக்க மாட்டார். பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்யா என்று எனக்கே உறுத்தியது. சில நாள் கழித்து அக்கா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். என் மகள் தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு, கிண்ணத்தை நீட்டி, "இன்னும்" என்றாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாம நில்லுங்க, பாத்துடப் போறா" என்றார்.

அந்த நிம்மதி அப்பா வரும்வரைதான் இருந்தது. மனசு கேட்காமல் அம்மையையும் மீறிக்கொண்டு அவர் தனியாக வந்துவிட்டார். "என்னாயி, புள்ள சாப்புடுதா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். அவள் "தாத்தா" என்று ஓடிப்போய் அவர் தோளில் ஏறிக்கொண்டாள். கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அவர் பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அவள் உதடு இறுகியது. அன்று முழுக்க அது திறக்கவில்லை.

அவர் கிளம்பும்போது பக்கத்தில் போனேன். துண்டிலும் தலைமுடியிலும் கருகிய வைக்கோல் வாடை. ஊரில் அவர் பாதி எரிந்த போரைக் கிளறி, மாட்டுக்கு ஆகிற வைக்கோலைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார், அதன் பக்கத்திலேயே படுத்துக் காவல் காத்தார். தீப்பிடித்த அன்று அத்தனை புகையிலும் அவள் மூக்கு பதிந்திருந்தது அந்தத் தோளில்தான். அவளைக் காப்பாற்றின தோள். அதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. மறுபடி அவளைத் தேற்றிக்கொண்டுவரவே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்த தரம் அவர் வந்தபோது நிலைப்படியிலேயே மறித்து, "அப்பா, குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மிராசுதார் வீட்டில் சின்ன வயதிலிருந்து அவர் கேட்ட பேச்சு அது. சேற்று வாடை ஆகாது, அப்படித் தள்ளி நில், குளித்துவிட்டு வா. அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "சரி" என்றார். குழாய் வாசலில் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் பக்கத்துச் சந்தில் நுழைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கே அடிபம்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

என் கணவரின் வேட்டி சட்டையில் அவர் வந்து உட்கார்ந்தார். சோப்பு வாசனை அடித்தது. அவள் அவர் மடியில் ஏறி, கழுத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, வாயைத் திறந்தாள். அவர் கையால் ஊட்டிய தயிர்ச்சோற்றை முழுக்கத் தின்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

வைக்கோல் வாடை சீக்கிரமே போய்விட்டது. நிலமும் பின்னாடியே போயிற்று. மகள் வளர்ந்து, அதிகம் தின்கிறாய் என்று நான் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அப்பா மட்டும் கடைசிவரை என் வீட்டுக்குச் சந்து வழியாகத்தான் வந்தார். கொல்லையில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கதவோரம் நின்றுகொண்டிருப்பார், நான் போய்க் கூப்பிடும்வரை.