பட்டிப்பூ கேட்ட மருமகன்

இல்லை, இரவோடு இரவாகப் பின்வேலியால் ஓடினான் என்பது பச்சைப் பொய். கனகசிங்கம் முன்வாசலால் போனவர். நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அடுத்த வளவில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்ற நான் கண்ணால் கண்டவள். ஆமிக்கு ஆள் காட்டினான், அதனால்தான் ஊரை விட்டான் என்று இரத்தினம்மா இன்றைக்கும் சந்தையில் நின்று கதைக்கிறாள். தன் வளவில் நின்ற மரத்தைத் தறித்துத் தரச்சொல்லி அவரைக் கெஞ்சியவள் அவள்தான். அந்தத் துண்டை மட்டும் அவள் சொல்லுவதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

கனகசிங்கம் என் தங்கை சீதேவிப்பிள்ளையின் புருஷன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வேளாண்மைக்காரர். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு எழுதுவது. அப்படித்தான் அவர் கல்லடிக்கு வந்தார். வாவிக்கு அந்தக் கரையில் வயல் இருந்தவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். இங்கே மாமி சொன்னால் அவர் கேட்பார். கணக்குச் சரியாக இருந்தது.

தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டதும் அந்தக் கரை இயக்கத்திடம், இந்தக் கரை ஆமியிடம் என்றாகிவிட்டது. அவருடைய வயல் வட்டை அங்கே தரிசாகக் கிடந்தது. அவர் இங்கே தரிசாகக் கிடந்தார். வயலில்லாத வேளாண்மைக்காரன் பெண் வீட்டில் என்னதான் செய்வது? கிணற்றடியைக் கூட்டினார். மாமி பார்த்தால் கூட்டின இடத்தையே இன்னொரு தரம் கூட்டினார்.

எங்கள் ஒழுங்கை முடிகிற சந்தியில் ஆமிக்காரர் மண்மூட்டை அடுக்கிக் காவலுக்குச் சென்றி போட்டார்கள். அங்கே நின்றால் வாசல், அடுப்படி, கிணற்றில் குளிக்கிற ஆள் எல்லாம் தெரியும். ஓலை வேலி பூனைக்குத்தான் மறைப்பு. என் அம்மா அன்னப்பூரணி ஒரு முடிவெடுத்தாள். வேலியோரம் இப்பில் இப்பில் மரம் நட வேண்டும். முதல் மாரிக்கு ஆளுயரம், அடுத்த மாரிக்குக் கூரைக்கு மேலே. இலையை ஆடு தின்னும், கொப்பு அடுப்பெரிக்கும், வீடும் மறையும்.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து கனகசிங்கம் அந்த வீட்டில் ஒரு மாற்றுச் சொல் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். மரம் வேண்டாம், பட்டிப்பூ வைப்போம் என்றார். கடற்கரை மணலில் வெள்ளையும் ஊதாவுமாக, ஐந்து இதழோடு, தண்ணீர் கேட்காமல் தானாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான். வயலில் களை பிடுங்கியே காலம் போக்கிய மனிதர் வாசலில் களை வைக்கக் கேட்கிறார் என்று அம்மா சிரித்தாள்.

“மாமி, கெதியா வளர்ற மரம் கெதியாக் கண்ணில படும்” என்றார் அவர். “மறைச்சா, என்னத்த மறைக்கிறாங்க எண்டு பாக்க வருவான். முழங்காலுயரத்தில பூ நிண்டா அவன்ட பார்வை அதுக்கு மேலால போயிடும்.”

“உங்கட பூ அடுப்பெரிக்குமா? ஆடு திங்குமா?”

“ஆடும் திங்காது மாமி. அதுவும் நல்லதுதானே.”

“சுடுகாட்டில நிக்கிற பூவ என்ட மகள்ட வாசல்ல வைக்க ஒண்ணா” என்று அம்மா கதையை முடித்தாள். வளவு அவளுடைய மகளுடையது. அதற்கு மேல் மருமகன் என்ன வழக்குப் பேசுவது? அம்மா தன் கையாலேயே கன்றுகளை ஊன்றினாள். தண்ணீர் ஊற்றினவர் யார் என்றால், வேண்டாம் என்று சொன்னவர்தான். வாடி நிற்கிற எதையும் பார்த்துக்கொண்டிருக்க அந்த மனிதருக்கு ஏலாது. அவர் ஊற்றின ஊற்றில் மரம் அம்மா சொன்ன தவணைக்கு முன்னமே கூரையைத் தாண்டியது. ஊரும் பார்த்தது. எங்கள் வளவு விதையை வாங்கிப்போய் ஒழுங்கை முழுக்க நட்டார்கள். இரத்தினம்மாவும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.

பிறகு அவர் சொன்னபடியே நடந்தது. மரத்துக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஆமிக்காரர் வீடு வீடாக வந்து கிளறினார்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறதெல்லாம் தறிபட வேண்டும் என்று கட்டளை. நான் முந்தியே சொன்னேனே என்று கனகசிங்கம் மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியைத் தீட்டி எங்கள் மரங்களைத் தறித்தார்.

மற்ற வீட்டு ஆண்களுக்குக் கத்தியும் கையுமாகச் சென்றிக்கு முன்னால் இறங்கப் பயம். கனகசிங்கம் அறுவடைக்காலத்தில் அம்பாறைப் பக்கம் போய்வந்ததில் கொஞ்சம் சிங்களம் கதைப்பார். இரத்தினம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழாக்குறையாகக் கேட்டாள். “தம்பி, எங்கட மனிசன் கத்தியோட வெளிய போனா சுட்டுப்போடுவான். நீங்கதான் அவங்களோட ரெண்டு கதை கதைப்பீங்க. எங்கடதையும் தறிச்சுத் தாங்க மனே.” தறித்துக் கொடுத்தார். அவளுக்கென்றால் எங்களுக்கும் என்று ஒழுங்கை முழுவதும் வந்து நின்றது. எல்லார் வீட்டிலும் தறித்தார்.

இப்பில் இப்பில் லேசில் சாகிற சாதியில்லை. தறித்த அடிக்கட்டையில் பத்துத் தளிர் கிளம்பும். கிளம்பக் கிளம்ப இவர் கத்தியோடு போக வேண்டும். அரசாங்கம் கொடுக்காத உத்தியோகத்தை அந்த மரம் அவருக்குக் கொடுத்தது. ஒருநாள் வெயிலில் நின்று தறித்தவரைச் சென்றியில் நின்றவன் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லக்கூடிய காலமா அது? குடித்தார். மரம் நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அவர்தான் எல்லாவற்றையும் வெளியாக்கி வைத்திருந்தாரே, எல்லா வாசலிலிருந்தும் பளிச்சென்று தெரிந்தது. பின்னேரத்துக்குள் ஊர்க்கதையில் அந்தத் தேத்தண்ணியோடு பாணும் சேர்ந்தது. அடுத்த கிழமை பக்கத்து ஒழுங்கையில் இரண்டு பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தலையாட்டிக் காட்டியது கனகசிங்கம்தான் என்று கதை வந்துவிட்டது. சாக்குக்குள்ளே இருந்த முகத்தை இவர்கள் எப்படிக் கண்டார்கள் என்று கேட்க ஆளில்லை. அந்த வருஷங்களில் ஒரு ஆளைக் கொல்ல அப்படி ஒரு பெயரே போதும்.

கதை வாவியைத் தாண்டியது. விசாரிக்க வேண்டும், வரச்சொல்லுங்கள் என்று அந்தக் கரையிலிருந்து ஆள் சொல்லிவிட்டார்கள். கொழும்புக்குப் போய்விடுங்கள் என்று தங்கை அழுதாள். ஒளிந்தால் அந்தக் கதை உண்மையாகிவிடும், பிறகு இந்த வீட்டைத் தேடி வருவார்கள் என்றார் அவர். அவருக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு சாட்சி. நாங்கள் கேட்டுத்தான் தறித்தார் என்று கூட வந்து சொல்ல ஒரு ஆள். நான் வாறேன் என்றேன். “மச்சி, நீங்க வந்தா குடும்பத்துச் சாட்சி எண்டு தள்ளிப்போடுவாங்க” என்றார்.

வீடு வீடாகப் போனார். நிழல் போன ஒழுங்கையில் யாரும் வைக்காமலே பட்டிப்பூ பரந்து கிடந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் போனார். ஒரு வீட்டில் காய்ச்சல். ஒரு வீட்டில் அடையாள அட்டை இல்லை. இரத்தினம்மாவுக்கு முழங்கால் நோ. அன்று காலை கோழி துரத்தின முழங்கால்தான்.

மறுநாள் சேட்டைப் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஒருவருக்கும் இறங்கிப் பேசினதை நான் கண்டதில்லை.

“மரம் நான் வெச்சது எண்டு சொல்லுங்க மருமகன். நீங்க வேணாம் எண்டுதான் சொன்னது எண்டும் சொல்லுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. “சொல்லுறன் மாமி. பொண்டாட்டி வீட்டில ஒரு பூக்கண்டு வைக்கவே என்ட சொல்லு செல்லல்ல, ஆமிக்காரனிட்ட என்ட சொல்லு எங்க செல்லும் எண்டு கேக்கிறன். அவங்களும் நம்மட பகுதிப் பொடியன்கள்தானே. நம்புவாங்க.”

தங்கையிடம் என்ன சொன்னார் என்பது அவர்கள் இருவருக்கும் உரியது. செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலைத் தாண்டினார். ஒழுங்கையில் ஒரு இலை மறைப்புக் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ஆள் நின்றதை அவர் பார்த்தார். அவர் போவதை அவர்களும் பார்த்தார்கள். ஒரு வேலிப் படலைகூடத் திறக்கவில்லை. அவர் அவசரப்படாமல், ஒழுங்கையின் நடுவால் நடந்து போனார்.