ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன்

என் தம்பி வீரணன் ரேஸ் வண்டி கட்டியவன். இதைச் சொன்னால் இன்றைக்கு வேலம்பாளையத்தில் ஒருவரும் நம்புவதில்லை. பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஃபிட்டராக இருந்தவனுக்கு ரேஸ் வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்கிறார்கள். என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன்.

முதலாளி வீட்டுப் பிள்ளை அருள்செல்வனுக்கு அந்தக் காலத்தில் வண்டிப் பைத்தியம். சோழவரம் ரேஸில் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக் குடோனில் போட்டார். அதைக் கழற்றி மறுபடி கட்டியது வீரணன். அரத்தை வைத்து ராவி ராவி என்ஜினுக்குள் வழியை அகலமாக்கினான். சைலன்சர் வயிறு உப்பி வால் சிறுத்து இருந்தால்தான் வேகம் வரும் என்று எங்கோ கேட்டு வந்தான். உடனே கட்டிங் மாஸ்டரிடம் பேட்டர்ன் அட்டை வாங்கி, சட்டைக்குக் கை வெட்டுகிற மாதிரி வெட்டினான். அந்த அளவுக்குத் தகட்டை வெட்டிச் சுருட்டிப் பற்றவைத்தான். வேகம் போதவில்லை என்றால் அட்டையில் ஒரு விரல்கடை குறைத்து மறுபடியும் வெட்டுவான். எங்கள் சந்தில் வண்டியை முறுக்கினால் கோழிகள் கூரைமேல் ஏறிவிடும்.

அருள்செல்வன் ஓட்டினார், கப்பு வாங்கினார். நன்றாகத்தான் ஓட்டினார், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கப்பெல்லாம் முதலாளி வீட்டுச் சாமி அறைக்குப் போயின. வீரணனுக்கு மிஞ்சியது ஒரு சாக்குப்பை. அதில் வெடித்துப்போன பிஸ்டன், நம்பர் எழுதிய துணி, அந்த அட்டைகள், இருவரும் வண்டியோடு நிற்கிற ஒரு போட்டோ.

அருள்செல்வன் காலமான பிறகு, அவர் மகன் நிதிஷ் அந்தக் குடோனை அப்பா பெயரில் ரேஸ் காட்சிக்கூடமாக மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வீரபாண்டியில் அவர்களுடைய சாயப்பட்டறையில் பேரல்களுக்கு அடியில் வண்டி துருப்பிடித்துக் கிடந்ததாம்.

"அங்கிள், உங்களை உட்டா இதை ஓட வைக்க ஆளில்லைங்க. அந்தக் காலத்துச் சாமான் ஏதாச்சும் இருந்தாலும் குடுங்க, கண்ணாடிப் பெட்டியில வெச்சர்லாம்."

வீரணன் சாக்குப்பையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டான். மறுநாளே குடோனுக்குப் போய் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். சாப்பிடும்போது என்னிடம் கேட்டான்.

"வண்டி முன்னால பலகை வெக்கறாங்களாமா அக்கா. பேரெல்லாம் போடுவாங்களாட்ட இருக்குது."

"உம்பேரைப் போடச் சொல்லிக் கேளுடா."

"கேட்டு வாங்கறதா அக்கா அது?"

ஆனால் எனக்கு அவனைத் தெரியாதா? அந்த ஒரு பெயருக்காகத்தான் இந்த வயதில் முதுகு ஒடிய உட்கார்ந்து துரு சுரண்டினான். நானே போய் நிதிஷிடம் கேட்டேன். "அதுக்கென்னங்க பெரியம்மா, வீடியோ எடுக்க ஆளு வர்றாங்க. அதுல அங்கிள் ஒரு வார்த்தை சொல்லட்டும், போட்டர்லாம்" என்றான்.

வீடியோ எடுத்த அன்று நானும் போனேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. நாற்காலி போட்டு அருள்செல்வனின் மனைவி ஞானாம்பாள் உட்கார்ந்திருந்தாள். சென்னைக்காரப் பையன் கேமராவைத் திருப்பி, "சார், இந்த வண்டியைச் செஞ்சது நீங்கதானா?" என்றான்.

வீரணன் கைகட்டி நின்றான்.

"நாம என்னங்க செஞ்சோம். எல்லாம் மொதலாளி செஞ்சதுங்க. நாம பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தமுங்க."

எங்கள் பக்கத்தில் இதுதான் மரியாதை. மாடி வீடு கட்டியவனையும் கேட்டுப் பாருங்கள், ஏதோ ஒரு குடிசை போட்டிருக்கிறேன் என்றுதான் சொல்வான். கேட்கிறவர், "அட, அப்பிடிச் சொல்லாதீங்க, நீங்க இல்லீன்னா ஆகுமா" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இவன், ஆமாங்க என்று வாயைத் திறப்பான். அதற்காகத்தான் வீரணன் ஞானாம்பாளைப் பார்த்தான். அவளும் இதே மண்ணில் பிறந்தவள்தான். அவனைப் பார்த்தாள், பிறகு கேமராவைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. சென்னைப் பையன், "சூப்பர் சார்" என்று கேமராவை மூடினான்.

அந்த வாரமே வீரணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று.

திறப்புவிழா முடிந்ததும் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வண்டி பளபளவென்று நின்றது. எனக்குப் படிக்கத் தெரியாது. வாட்ச்மேன் முனீஸ் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பலகையில் இருப்பதை அவனைப் படிக்கச் சொன்னேன்.

"அருள்செல்வன் தன் கையாலயே செஞ்ச வண்டின்னு போட்டிருக்கு ஆச்சி."

"வீரணன்னு எங்கியாச்சும் இருக்குதா பாரு கண்ணு."

அவன் சுற்றி வந்து பார்த்தான். "இல்லயே ஆச்சி."

சாக்குப்பையைக் கேட்டேன். திறப்புக்காகச் சுத்தம் செய்தபோது பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனானாம். சுவரில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் என் தம்பி கைகட்டி நின்று ஸ்பேனர் கதையைச் சொன்னான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னான். அதைப் பார்த்து நாற்காலியில் இருந்தவன் ஊ, ஊ என்று கத்தினான். வேடிக்கை பார்க்க வந்த பெண்ணொருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

சத்தம் கேட்டு ஞானாம்பாள் வந்தாள்.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமுங்க அம்மணி" என்றேன். "மருவாதைக்குச் சொன்னான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாம என்ன மயிலா," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நான் சொல்லியிருந்தா எம்புருசன் வெறுமனே வண்டி ஓட்டுன ஆளுன்னு ஆயிருக்கும். உந்தம்பிக்குப் பேரு வந்து இனி என்ன ஆகப்போகுது, நீயே சொல்லு."

"அவந்தானுங்க கட்டுனான்."

"நான் இல்லீன்னா சொன்னேன்? உந்தம்பியே சொல்லீட்டாரு, அவ்வளவுதான்."

இதை வீரணன் கேட்டுக்கொண்டிருந்தான். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்துவதை நிறுத்திவிட்டான். முனீஸ் தயங்கித் தயங்கி வந்து, "ஆச்சி, கூட்டம் வருது, கொஞ்சம் ஓரமா" என்றான். நான் நகரமாட்டேன் என்று நின்றேன். வீரணன்தான் என் சேலையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான்.

நாற்காலியைத் திருப்பினேன். அவன் ஞானாம்பாளைப் பார்த்து இடது கையை நெற்றிவரை தூக்கிக் கும்பிட்டான். ஒரு கையால் கும்பிடுவது சரியில்லை என்று நினைத்தானோ என்னவோ, மடியில் கிடந்த வலது கையையும் தூக்கிச் சேர்க்கப் பார்த்தான். அது நழுவி நழுவி விழுந்தது.

"இருக்கட்டுமுங்க, பாத்துப் போங்க" என்றாள் ஞானாம்பாள்.