தம்பியின் பெயரை எழுதியவர்

அயர்லாந்தில் உள்ள கில்கோரன் கேலிக் கால்பந்துக் கிளப்பின் நூற்றாண்டு மலருக்கு எல்லா ஆண்டுகளையும் எழுதி முடித்துவிட்டார் மல்லாக்கி டியர்னன். 1963 மட்டும் பாக்கி இருந்தது. அதை மூன்று மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

நாற்பத்தோரு வருஷம் கிளப்பின் செயலாளர். மழையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதும், ஆட்டக்காரர்கள் இறந்தால் சவப்பெட்டிமேல் கிளப்பின் பச்சைச் சட்டையை விரித்ததும் அவர்தான். இத்தனைக்கும் நேரம் இருந்தவருக்குக் கல்யாணம் செய்துகொள்ள மட்டும் நேரம் கிடைக்கவில்லை என்று ஊரில் கிண்டல் செய்வார்கள்.

மலரை அச்சுக்குத் தயார் செய்த டீச்சர் நூலா ஒருநாள் கேட்டாள்.

"ஐயா, அறுபத்திமூணு ஃபைனல்ல உங்க தம்பி ஏன் ஆடல? யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. யாருன்னு தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்துடறேம்மா."

அன்றைக்கு ஒரு விதி இருந்தது. நம் ஆட்டமான கேலிக் கால்பந்தை ஆடுகிறவன் இங்கிலீஷ்காரனின் ஆட்டமான சாக்கரை ஆடக் கூடாது. வேலிக்கு வெளியே நின்று வேடிக்கைகூடப் பார்க்கக் கூடாது. இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். அப்போது அதற்கென்றே ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது. சாக்கர் மைதானங்களின் வாசலில் போய் நின்று, வருகிறவன் போகிறவன் பெயரை எழுதி வருவது அவர்கள் வேலை. அந்தக் குழுவில் மல்லாக்கிதான் இளையவர். வயது இருபத்தாறு. பெருமை பிடிபடவில்லை.

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் ஸ்லைகோ ஊரின் சாக்கர் மைதானத்துக்கு அவரை அனுப்பினார்கள். நோட்டும் கையுமாக அவர் வாசலில் நிற்பதைக் கண்டதும் நம் பையன்கள் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் நழுவினார்கள். தம்பி ஃபின்டன் மட்டும் நகரவில்லை. கிளப்பிலேயே அவனைப் போல நடுக்களம் ஆட ஆள் கிடையாது. அண்ணனை நேராகப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினான்.

மல்லாக்கிக்குச் சுருக்கென்றது. விதியை மீறியதும் இல்லாமல் எவ்வளவு திமிர் என்று நினைத்தார். பெயரை எழுதினார்.

அந்த வருஷம் முழுக்க ஃபின்டனுக்குத் தடை. செப்டம்பரில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இறுதி ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. அக்டோபரில் ஃபின்டன் கப்பலேறினான். இங்கிலாந்தில், கவென்ட்ரியில் கார்த் தொழிற்சாலை வேலை. அம்மா செத்தபோது வந்தான். அடக்கம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டான். எட்டு வருஷம் கழித்து அந்த விதியையே தூக்கிப் போட்டார்கள். பாழாய்ப்போன விதி, எட்டு வருஷம் முன்னால் போயிருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை காலை மல்லாக்கி போன் செய்தார்.

"ஃபின்டன், நான்தான்."

"தெரியுதுண்ணே. யாரு செத்தா?"

"யாரும் சாகல. மலர்ல அறுபத்திமூண எழுதிக்கிட்டிருக்கேன். உன் பேரக் குடுத்தது நான்தான்னு போடப் போறேன். ஊருக்குத் தெரியட்டும்."



"சரி, போடு."

"நான் செஞ்சது தப்புதான்டா. ஆனா எல்லாவனும் ஒளிஞ்சான், நீ மட்டும் கையத் தூக்கிக் காட்டின. அந்தத் திமிரப் பாத்துத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு."

"திமிரா?" என்றான் ஃபின்டன். எழுபதைத் தாண்டியவரின் குரல் அது. அதில் கோபம் இல்லை. "இல்லண்ணே. பசங்க பயந்து ஓடுனாங்க. வாசல்ல நிக்கிறது எங்கண்ணன், எதுக்குடா ஓடுறீங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

 மல்லாக்கி போனைக் காதில் பிடித்தபடியே ஒரு வெள்ளைத் தாளை இழுத்து மேஜையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை நூலாவிடம் கொடுத்த பக்கத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். தம்பி சொன்னதையும் எழுதியிருந்தார். அதற்குமேல் ஒரு வரிகூட அவரால் எழுத முடியவில்லை.